பெங்களூருவில் மனை வாங்கி வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: தண்ணீர், வெயில், மரம், மண்

அல்சூர், ஈஜிபுரா, ராமமூர்த்தி நகர் பக்கம் பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, புறநகரில் ஒரு மனை வாங்கி வீடு கட்டத் துணியும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலோர் 'சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு வேண்டும்' என்று தொடங்கி, சோலார் தகடு எத்தனை வைக்கலாம் என்பதில் வந்து நிற்பார்கள். நான் பேச்சை மனைக்கே திருப்புவேன். மழைத்தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து மனைக்குள் வருகிறது, எந்தப் பக்கம் வெளியேறுகிறது? இது தெரியாமல் போட்ட வரைபடத்தைப் பிறகு எந்தக் கருவியை வாங்கி மாட்டியும் சரிசெய்ய முடியாது.

30-க்கு 40 மனைதான் வாங்கினோம். 1200 சதுர அடியில் திட்டமிட என்ன இருக்கிறது?

சின்ன மனையில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஐந்து ஏக்கர் வளாகத்தில் பத்தடி தள்ளிப்போனால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒன்றரை அடி தள்ளினால் மரம் வைக்க இடம் போய்விடும்.

பொதுவாக நடப்பது இது. செட்பேக் என்று சுற்றிலும் விட வேண்டிய இடைவெளியை நாலு பக்கமும் ஒரு முழம் ஒரு முழமாக விட்டு, அதையும் சிமெண்ட் பூசி மூடிவிடுவார்கள். அந்தச் சந்துகளில் துணி காயாது, செடி வளராது, காற்றும் நுழையாது. விதி கேட்கும் குறைந்த அளவை எல்லாப் பக்கமும் விட்டபிறகு, மிச்சம் பிடிக்க முடிகிற திறந்த இடத்தை ஒரே மூலையில் சேர்த்து வையுங்கள். பத்தடிக்குப் பத்தடி மண் தரை ஒன்று கிடைத்தால் மரம், உறைகிணறு, காற்று வரும் ஜன்னல் மூன்றுக்கும் அதுவே போதும்.

முதலில் செய்ய வேண்டியது மட்டம் பார்ப்பது. மேஸ்திரியிடம் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் இருக்கும். ஒரு முனையைத் தெருவின் நடு மட்டத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மறு முனையை மனையின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய், நட்ட குச்சியில் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டிலிருந்து தரை எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று நான்கு மூலைக்கும் எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. ஆர்க்கிடெக்டைப் பார்க்கப் போகும்போது கூகுளில் பிடித்த முகப்புப் படங்களைவிட இந்த நாலு எண்கள்தான் பயன்படும்.

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். வாங்கும் முன் வேறென்ன பார்க்க வேண்டும்?

மனிதர்களில் யாருக்கு அந்த மனையில் உரிமை என்பதை வக்கீல் பார்ப்பார். தண்ணீருக்கு அங்கே பாத்தியதை உண்டா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேட்டின் முகட்டில் அமைந்த ஊர். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. பெய்த மழையை ஏரி ஏரியாகத் தேக்கி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்படி வாய்க்கால் வெட்டிப் பிழைத்த ஊர் இது. அந்த வாய்க்கால்களைத்தான் ராஜகாலுவே என்கிறார்கள். ஏரிகள் பல இப்போது கட்டடங்களாகிவிட்டன. கெம்பேகௌடா பஸ் நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருப்பது சம்பங்கி ஏரி. ஏரி போனாலும் சரிவு போகவில்லை. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாளில் 130 மி.மீ. அளவுக்குக் கொட்டியபோது, சர்ஜாப்பூர் சாலை, பெல்லந்தூர் பகுதிகளில் பல கோடி ரூபாய் வில்லாக்களில் இருந்தவர்களைப் படகிலும் டிராக்டரிலும் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள்.

ஆகவே மனையில் நின்றுகொண்டு கர்நாடக அரசின் திஷாங்க் செயலியைத் திறந்து பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணையும், பக்கத்தில் ஏரி, வாய்க்கால், கராப் நிலம் (சாகுபடிக்கு ஆகாதது என்று பதிவான நிலம்) எதுவும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அது காட்டும். கிராம வரைபடத்தில் வாய்க்காலாக இருந்து, இன்று கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் ஆபத்தானது. கண்ணெதிரே ஓடும் சாக்கடையை எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

பிறகு தெருவில் நடந்து பாருங்கள். காம்பவுண்டு சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகக் கறை ஓடுகிறதா? கேட்டுக்குப் பின்னால் பலகை செருக இரும்புச் சட்டம் பொருத்தியிருக்கிறார்களா? வாசல் படியில் புதிதாக ஒரு படி ஏற்றிக் கட்டியிருக்கிறார்களா? தரகர் சொல்லாததை இந்தத் தெரு சொல்லிவிடும். இயன்றால் செப்டம்பரிலோ அக்டோபரிலோ, மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். பெங்களூருவில் அதிக மழை அந்த மாதங்களில்தான்.

ஏரி, வாய்க்காலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதி பலமுறை ஆடியிருக்கிறது. 2015-ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம் ஏரிக்கு 30 மீட்டரும், வாய்க்காலின் தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டரும் வைத்தது. 2016-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்று உயர்த்தியது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பிறகும் மாநில அரசு இந்தத் தூரங்களைக் குறைக்கும் முயற்சியில் இறங்கியது. பத்திரம் பதியும் நாளில் நடப்பில் உள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகப் பள்ளத்தாக்கின் அடியில் மனை வாங்க நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன்.

பள்ளமான மனை, அதனால் விலை குறைவு. லாரியில் மண் கொட்டி உயர்த்திக்கொள்ளலாமா?

கொட்டலாம். உங்கள் மனையில் தங்கவேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர்களும் உயர்த்துவார்கள். தெருவுக்கு மறுபடி தார் போடும்போது தெருவும் ஏறும். இந்தப் போட்டியில் கடைசியாகக் கட்டியவர் சில வருடம் ஜெயிப்பார், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் அஸ்திவாரம். கொட்டிய மண் கொட்டிய மண்தான். இடித்த கட்டடக் கழிவும் பிளாஸ்டிக்கும் கலந்துதான் பெரும்பாலும் வரும். அதைத் தாண்டி இயற்கையான கெட்டி மண் வரை அஸ்திவாரம் இறங்க வேண்டும். மலிவாக வாங்கிய மனையின் லாபம் அந்தக் குழிக்குள் போய்விடும்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், மனை முழுவதையும் உயர்த்தாமல் வீட்டின் அடித்தளத்தை மட்டும் தெருவின் நடு மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று அடி ஏற்றுங்கள். தோட்டம் தாழ்வாகவே இருக்கட்டும். ஒரு மணி நேரம் அடித்துப் பெய்யும் மழையை அது தேக்கிவைத்துக்கொள்ளும். அடித்தளத்துக்குக் கீழே பேஸ்மெண்ட் வேண்டவே வேண்டாம்.

1200 சதுர அடி மனையில் மழைநீர் எவ்வளவு கிடைத்துவிடப்போகிறது?

கணக்குப் போடுவோம். பெங்களூருவின் ஆண்டு சராசரி மழை சுமார் 970 மி.மீ. உங்கள் மொட்டை மாடி 80 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். ஆவியாவது, சிதறுவது போக 85 விழுக்காடு கைக்கு வரும் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 66,000 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவில், நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,97,000 லிட்டர் வேண்டும். ஆக மூன்றில் ஒரு பங்கு தலைக்கு மேல் இலவசமாக வந்து விழுகிறது.

குழாயில் வரும் காவிரி நீர் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குப் பம்ப் செய்து ஏற்றப்பட்டு வருகிறது. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிய பிறகு வெளிவட்டப் பகுதிகளுக்கும் குழாய் போகிறது. ஆனாலும் அந்த ஆண்டு மார்ச்சில் டேங்கர் லாரிக்குக் காத்து நின்றவர்கள் யாரும் இந்த மூன்றில் ஒரு பங்கை ஏளனமாகப் பேசமாட்டார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2009-ல் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தி, 1200 சதுர அடி முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கும், 2400 சதுர அடி மனையில் ஏற்கெனவே இருந்த வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 60 லிட்டர், சிமெண்டோ கல்லோ பாவிய தரைக்கு 30 லிட்டர் என்பது வாரியம் கேட்கும் கொள்ளளவு. 60 லிட்டர் என்றால் 60 மி.மீ. மழையை வெளியே விடாமல் பிடிப்பது. 80 சதுர மீட்டர் கூரைக்கு 4,800 லிட்டர். ஒரு பெரிய மழையைத் தெருவுக்கு விடாமல் நிறுத்தும் அளவு அது. விதிகளில் பொருளோடு எழுதப்பட்ட ஒன்று என்று இதைச் சொல்வேன்.

எப்படி அமைப்பது என்று நேரில் பார்க்க வேண்டுமானால் ஜெயநகர் 5-வது பிளாக்கில் குடிநீர் வாரியம் நடத்தும் சர் எம். விஸ்வேஸ்வரய்யா மழைநீர் சேகரிப்பு பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய்வாருங்கள். பலவகை மாதிரிகளை அங்கே கட்டியே வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தண்ணீரைச் சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) சேர்ப்பதா, பூமிக்குள் இறக்குவதா?

முதலில் சம்ப். அது நிரம்பி வழிவது பூமிக்கு. மாடித் தண்ணீர் சுத்தமானது. முதல் சில நிமிட மழையை மட்டும் தூசியோடு வெளியே தள்ளிவிட்டு, வடிகட்டி வழியாகச் சம்புக்கு விட்டால் குளிக்க, துவைக்க அப்படியே பயன்படும்.

வழிவதை இறக்க உறைகிணறு போதும். மூன்றடி விட்டம், இருபதடி ஆழம், உள்ளே துளையிட்ட சிமெண்ட் உறைகள், மேலே மூடி. ஒரே நேரத்தில் 4,000 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். பிறகு மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். இதைத் தோண்ட மண்ணு வட்டர் எனப்படும் கிணறு வெட்டும் சமூகத்தார் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். பெங்களூருவுக்குப் பத்து லட்சம் கிணறுகள் என்ற இயக்கத்தை பயோம் அறக்கட்டளை நடத்துவதும், கப்பன் பூங்காவின் பழைய கிணறுகளை மீட்டதும் அவர்கள் கைத்திறனை நம்பித்தான். அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒருவர் குந்தி உட்கார்ந்தால் இரு தோளும் இடிக்கும் அந்த வட்டத்துக்குள், குட்டையான கடப்பாரையால் சுற்றிச் சுற்றிக் கொத்திக்கொண்டே இறங்குவார். மண்ணை வாளியில் மேலே அனுப்பும்போது நிறம் மாறிக்கொண்டே வரும். மேலே சிவப்பு, பிறகு மஞ்சள் கலந்த மொரமொரப்பான மண், அதற்கும் கீழே வெளுத்த, கையில் நசுக்கினால் மணலாக உதிரும் சிதைந்த பாறை. அந்தக் கடைசி மண் வந்தால் தண்ணீர் நன்றாக இறங்கும். பிசுபிசுப்பான களிமண்ணே தொடர்ந்து வந்தால் ஆழம் மாற்ற வேண்டும், அல்லது சம்பைப் பெரிதாக்கிவிட்டுக் கிணற்றை விட்டுவிட வேண்டும்.

இரண்டு இடங்களில் நான் கறாராக இருப்பேன். தெருத் தண்ணீரையோ கார் கழுவிய தண்ணீரையோ போர்வெல் குழாய்க்குள் நேராக விடாதீர்கள். மண் வடிகட்டாத அழுக்கு அப்படியே ஆழத்து நீருக்குப் போய்விடும், திரும்ப எடுக்கவே முடியாது. அடுத்தது, பாதாளச் சாக்கடை வராத லேஅவுட்டில் எல்லோர் வீட்டிலும் கழிவுநீர்க் குழி இருக்கும். உங்கள் குழியோ பக்கத்து வீட்டுக் குழியோ ஐம்பதடிக்குள் வந்தால் உறைகிணறு வேண்டாம். சேமிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போர்வெல் போட்டால் முடிந்தது, எதற்கு இத்தனை பாடு?

2024 கோடையில் நகரின் ஏறத்தாழ 14,000 அரசு போர்வெல்களில் பாதியளவு வற்றின. பதில் அதிலேயே இருக்கிறது.

சம்ப் ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டும் என்று மாமனார் சொல்கிறார். மனையோ தென்மேற்குப் பக்கம் சரிகிறது.

பெங்களூருவில் இந்தச் சண்டை நடக்காத வீடு அபூர்வம். நான் யாரையும் வாஸ்துவிலிருந்து திருப்ப முயல்வதில்லை. வீட்டில் பெரியவர்கள் நிம்மதியாக இருப்பதும் வீட்டுக்கு வேண்டியதுதான்.

நல்லவேளையாக இங்கே சமரசம் எளிது. மாடித் தண்ணீர் குழாயில் வருகிறது. மொட்டை மாடியின் சாய்வை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நீங்கள் தீர்மானிக்கலாம். ஆகவே மாடித் தண்ணீரை வடகிழக்கில் இருக்கும் சம்புக்கே கொண்டுவாருங்கள். தரையில் ஓடும் தண்ணீர் மட்டும் சரிவின்படி தென்மேற்குக்குப் போகும். அங்கே தோட்டத்தையும், வழிவதை ஏற்கும் கிணற்றையும் வையுங்கள். அதற்கும் மறுப்பு வந்தால் கிணற்றுக்குப் பதில் ஓரடி ஆழத்தில் ஜல்லி நிரப்பிய ஓடையாக்கிவிடுங்கள். 'கிணறு' என்ற பெயர் இல்லாவிட்டால் பாதி ஆட்சேபம் அடங்கிவிடும்.

நான் ஒப்புக்கொள்ளாத ஒன்று உண்டு. வாஸ்துவுக்காகச் சரிவையே மாற்ற மனை முழுக்க மண் கொட்டுவது. மேலே சொன்ன பாதகங்கள் எல்லாம் அதோடு வரும்.

எந்தத் திசை பார்த்த மனை நல்லது? கிழக்குப் பார்த்த மனைக்கு விலை அதிகம் கேட்கிறார்கள்.

வாசல் எந்தத் திசை என்பதைவிட நீளமான சுவர் எந்தத் திசை என்பது முக்கியம். பெங்களூரு வடக்கு 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே போகும். டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாயும். கிழக்கிலும் மேற்கிலும் மட்டும் வருடம் முழுக்கத் தாழ்ந்த வெயில் சுவரில் முட்டும். காலை வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம். மார்ச், ஏப்ரலில் மாலை நாலு மணி மேற்கு வெயில்தான் படுக்கையறையை இரவு பத்து மணி வரை காயவைக்கும்.

நாலடி உயர ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் போட்டால், தெற்குப் பக்கத்தில் பிப்ரவரி நடுவிலிருந்தே நடுப்பகல் வெயில் உள்ளே வராது. டிசம்பர், ஜனவரியில் இதமாக உள்ளே வரும். அந்தக் குளிருக்கு அது வேண்டியதுதான். மேற்கில் எத்தனை அடி சன்ஷேட் போட்டாலும் பயனில்லை, வெயில் அதற்கடியில் நுழைந்துவிடும். அந்தப் பக்கம் மாடிப்படி, குளியலறை, அலமாரிச் சுவர், பொருள் வைக்கும் அறை ஆகியவற்றைத் தள்ளுங்கள். ஜன்னல் வைத்தே ஆகவேண்டும் என்றால் துளைத் துளையான ஜாலிச் சுவரோ செங்குத்துத் தடுப்போ வையுங்கள்.

ஆக, தெற்கோ வடக்கோ பார்த்த மனையை விலை குறைவாகக் கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம். முகப்பு ஜன்னல்கள் நல்ல திசையில் அமைந்துவிடும்.

காற்று? பக்கத்து வீடு ஆறடியில் நிற்கிறதே.

மே முதல் செப்டம்பர் வரை மேற்கு, தென்மேற்கிலிருந்தும், குளிர்காலத்தில் கிழக்கு, வடகிழக்கிலிருந்தும் காற்று வரும். நெருக்கமான தெருவில் பக்கவாட்டு ஜன்னலை நம்ப முடியாது. முன்னும் பின்னும் திறப்பு வைத்து, நடுவே மாடிப்படிக் கூண்டின் உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு வழி வைத்தால், காற்று வீசாத நாளிலும் உள்ளே ஓட்டம் இருக்கும்.

மனையின் குறையை வைத்தே ஒரு கட்டடம் எப்படி அமையலாம் என்பதற்கு டோம்லூரில் உள்ள டெரி என்ற எரிசக்தி, சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் வளாகம் நல்ல பாடம். கட்டடக் கலைஞர் சஞ்சய் மோஹே வடிவமைத்தது. தென்புறம் துர்நாற்றம் வீசும் திறந்த சாக்கடை. காற்றும் அங்கிருந்தே வரும். வேறொருவராக இருந்தால் ஜன்னல்களை மூடிக் குளிர்சாதனம் போட்டிருப்பார்கள். இங்கே தெற்குச் சுவரை ஜன்னலே இல்லாமல் இரட்டைச் சுவராக்கி, வெளியே கறுப்புக் கடப்பைக் கல் பதித்தார்கள். வெயிலில் கல் சூடாகி இடைவெளிக் காற்று மேலேறும்போது, வடபுறத் திறப்புகள் வழியாக நல்ல காற்றை உள்ளே இழுக்கிறது. சாக்கடை இல்லாத மனையாக இருந்திருந்தால் இந்தக் கட்டடம் இப்படி வந்தே இருக்காது.

மனையில் ஒரு பெரிய மரம் இருக்கிறது. வெட்டலாமா?

உங்கள் மனையே ஆனாலும் 1976-ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும் முன், வரைபடத்தில் மரத்தை விட்டுவிட்டுக் கட்ட முடியுமா என்று ஒரு மாற்று வரையச் சொல்லுங்கள். மரத்தைக் காப்பது என்றால் அடிமரத்தை மட்டும் விட்டுவைப்பது இல்லை. கிளை பரவிய அளவுக்குக் கீழே வேரும் பரவியிருக்கும். அந்த வட்டத்துக்குள் ஜல்லி கொட்டுவது, சிமெண்ட் கலப்பது, லாரி நிறுத்துவது எதுவும் கூடாது. கட்டும்போது பத்திரமாக நின்ற மரம் இரண்டு வருடம் கழித்துக் காய்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

புதிதாக வைப்பதானால், மேற்குப் பக்கம் இடம் இருந்தால் புங்கை. வெயில் காலத்தில் அடர்ந்த நிழல் தரும். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் கறிவேப்பிலை, எலுமிச்சை, பவளமல்லி. ஆலும் அரசும் சின்ன மனைக்கு ஆகாது. மே மாதக் காற்றில் ஒடிந்து கார் மேல் விழுவதில் பேர்போன குல்மோஹரும் வேண்டாம், அழகாக இருக்கிறது என்று வீட்டில் கேட்டாலும்.

கார் நிறுத்தும் இடத்துக்கு டைல்ஸ் போடலாமா?

சக்கரம் உருளும் இரண்டு தடங்களுக்கு மட்டும் சப்படிக் கல் (தட்டையான கற்பலகை) பாவுங்கள். சாதரஹள்ளி கிரானைட் இந்த ஊர்க் கல், நகரின் வடக்கே எடுப்பது. கற்களுக்கு நடுவே இரண்டங்குலம் விட்டு, அடியில் சிமெண்ட் இல்லாமல் மணல் மட்டும் விரித்தால் இடுக்கில் புல் வரும், தண்ணீர் இறங்கும்.

சம்புக்கும் அஸ்திவாரத்துக்கும் தோண்டிய மண்ணை என்ன செய்வது?

மேல்மண் அரையடியைத் தனியே குவித்துத் தார்ப்பாயால் மூடிவையுங்கள். அதுதான் உயிருள்ள மண். தோட்டத்துக்கு வேண்டும் என்று பிறகு விலை கொடுத்து வாங்குவதும் இதைத்தான்.

அதற்குக் கீழே வருவது நல்ல செம்மண்ணாக இருந்தால் அழுத்திய மண் கட்டி அறுக்கலாம். மண்ணோடு 7, 8 விழுக்காடு சிமெண்ட் கலந்து கைப்பிரஸ்ஸில் அழுத்தி, மூன்று நான்கு வாரம் நனைத்து எடுப்பது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், லாரி வாடகை வேண்டாம். 1974-ல் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய அஸ்த்ரா மையம் இதை இந்த ஊரிலேயே ஆராய்ந்து வளர்த்தது. அதனால் செய்யத் தெரிந்த மேஸ்திரிகள் பெங்களூருவில் கிடைக்கிறார்கள். ஒரு சம்பு மண்ணில் வீடு முழுக்கக் கட்ட முடியாது. காம்பவுண்டுச் சுவருக்குத் தாராளமாக வரும். களிமண் அதிகமாக இருந்தாலோ, யாரோ முன்பே கொட்டிய மண்ணாக இருந்தாலோ இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

மிச்சத்தை எடுத்துப்போகும் டிராக்டர்காரர் எங்கே கொட்டுகிறார் என்று ஒருமுறை கேளுங்கள். பல ஏரிகளின் கரை இப்படித்தான் உள்ளே நகர்ந்திருக்கிறது.

கட்டுமானத்துக்குக் குழாய்த் தண்ணீர் பயன்படுத்தலாமா?

கூடாது. 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் குடிநீரைக் கட்டுமானம், தோட்டம், வண்டி கழுவுதல் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தத் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. சுத்திகரித்த கழிவுநீரை வாரியமே கட்டுமானத்துக்குத் தருகிறது. இன்னொரு வழி, வேலையின் வரிசையை மாற்றுவது. சம்பை முதலில் கட்டிவிட்டால், மழைக்காலத்தில் பிடித்த தண்ணீரே சுவர் நனைக்க உதவும்.

சோலார்?

போடுங்கள். 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். நாளுக்கு 4 யூனிட் அளவில் கிடைக்கும். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்ய வீட்டுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. தண்ணீர்த் தொட்டியையும் மாடிப்படிக் கூண்டையும் மாடியின் வடக்குப் பக்கம் வைத்தால் அவற்றின் நிழல் தகட்டில் விழாது. இதை வரைபடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆர்க்கிடெக்டுக்கு நினைவிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

பசுமைச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

பசுமைக் கட்டடங்களுக்குச் சான்று தரும் கிரிஹா, ஐ.ஜி.பி.சி. இரண்டும் மனைத் தேர்வு, மரம், மேல்மண், மழைநீர் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வைத்திருக்கின்றன. சின்னக் கட்டடங்களுக்கென்று ஸ்வகிரிஹா என்ற எளிய வடிவமும் உண்டு. அதன் பட்டியலை வாங்கிச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 30-க்கு 40 வீட்டுக்குப் பணம் கட்டிப் பலகை மாட்டுவதைவிட அந்தப் பணத்தில் உறைகிணறு வெட்டிவிடலாம்.

நாங்கள் ஓசூர் பக்கம் வாங்குகிறோம். இதெல்லாம் பொருந்துமா?

வெயில், காற்று, மண் எல்லாம் ஏறக்குறைய இதேதான். விதிகள் மட்டும் தமிழ்நாட்டு விதிகள். மழைநீர் சேகரிப்பை அங்கே 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள்.

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூருவின் மனைத் திட்டமிடலில் நேரடிப் பங்கும் இருக்கிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி வழியும் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து கெலவரப்பள்ளி அணைக்குத்தான் வருகிறது. அணையில் மலைபோல் நுரை பொங்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். நகரின் மேற்குச் சரிவில் விழுவதும் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் கலந்து தமிழ்நாட்டுக்கே வருகிறது. பானஸ்வாடியில் ஒரு வீடு எதைத் தெருவுக்கு விடுகிறது என்பது கிருஷ்ணகிரி விவசாயிக்கு வீட்டுச் செய்தி மாதிரி.

இதற்கெல்லாம் கூடுதலாக எவ்வளவு ஆகும்?

பாதிக்கு எதுவும் ஆகாது. ஜன்னலை எந்தச் சுவரில் வைப்பது, மாடிப்படியை எங்கே தள்ளுவது, திறந்த இடத்தை எந்த மூலையில் சேர்ப்பது எல்லாம் காகிதத்தில் செய்யும் வேலை. சம்ப் எப்படியும் கட்டுவீர்கள், அளவு கொஞ்சம் கூடும். உறைகிணறும் வடிகட்டியும்தான் தனிச் செலவு. வரவேற்பறைக்கு இத்தாலிய மார்பிள் போடுபவர் அந்தச் செலவைப் பற்றி என்னிடம் பேரம் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

மனை வாங்க வசதியில்லை, அபார்ட்மெண்டில் பிளாட்தான் வாங்குகிறோம். எங்களுக்கு ஏதாவது உண்டா?

வாங்கும் முன் மூன்று இடங்களைக் காட்டச் சொல்லுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, சுத்திகரித்த தண்ணீர் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் தனிக் குழாயில் போகிறதா என்று கேளுங்கள். மழைநீர்க் குழாய்கள் மாடியிலிருந்து இறங்கி எங்கே முடிகின்றன என்று தொடர்ந்து போய்ப் பாருங்கள். பல இடங்களில் அவை நேராகத் தெருச் சாக்கடையில் முடியும். கடைசியாக பேஸ்மெண்ட் பார்க்கிங்கில், மழைக்கால நாள் ஒன்றில், மூலையில் உள்ள குழிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அங்கே ஊறிவரும் தண்ணீரைப் பம்ப் இறைத்துக்கொண்டே இருந்தால், கட்டடம் தண்ணீரின் வழியில் நிற்கிறது. அந்த மின்கட்டணமும் பம்ப் பழுதும் நீங்கள் இருக்கும் வரை மாதப் பராமரிப்புத் தொகையில் வந்துகொண்டிருக்கும். விலை பேசும்போது அதைக் கணக்கில் வையுங்கள்.